ராவிலெ என்றால் காலையா, இரவா? பார்வையில்லாத அம்மாவின் மருந்தும் மருத்துவமனையும்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரையால் விழித்திரை கெட்டு இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பா தவறிய பிறகு உடுமலைப்பேட்டையிலிருந்து கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு, உங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டீர்கள். நீங்களும் வீட்டுக்காரரும் காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புகிறீர்கள். அம்மா தானாக மாத்திரை எடுத்துக்கொள்ள முடியுமா, இன்சுலின் போட்டுக்கொள்ளலாமா, ஆஸ்பத்திரியில் அவரை விட்டுவிட்டு எல்லோரும் உங்களிடமே பேசுவதற்கு என்ன வழி, பார்வை முழுசாகப் போன பிறகும் கண் டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

மாத்திரை அவரே எடுத்துக்கொள்ளலாம். இன்சுலினுக்குக் கொஞ்ச நாள் பழக்கமும், கூட ஒரு ஆளும் வேண்டும். கண் டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டும். ஆஸ்பத்திரி விஷயம்தான் பெரியது, அதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் இதே சித்தூர் தாலுக்காவில்தான் இருக்கிறேன். தமிழ்வழிப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். சின்ன வயதில் எனக்கு மாலைக்கண் என்று வீட்டில் நினைத்தார்கள். முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் சாப்பிட்டே வளர்ந்தேன். பதினாறு வயதில் கோயமுத்தூரில் காட்டியபோதுதான் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லக் கெடும் நோய், என்று தெரிந்தது. இருபத்தெட்டு வயதுக்குள் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது, இப்போது அதுவும் இல்லை. என் உடம்புக்காகவும், எங்கள் பக்கத்துப் பார்வையற்ற பெரியவர்களுக்குத் துணையாகவும் எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் பல ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அந்த மருந்து அம்மா கைக்குத் தப்பில்லாமல் போய்ச் சேருவதைப் பற்றித்தான் நான் பேச முடியும்.

நான்கைந்து வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு ஒரு பாட்டி வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், மகன் வீட்டில் தங்க வந்தவர், பார்வை கிடையாது. ஒரு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குப் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த பெண் நல்ல மாதிரிதான். பாட்டியின் கையிலேயே மாத்திரையைக் கொடுத்து, "இது ராவிலெ ஒரெண்ணம் மதி, அம்மச்சி" என்று பொறுமையாகச் சொன்னாராம். மலையாளத்தில் ராவிலெ என்றால் காலையில். பாட்டியின் காதில் அது நம்ம ஊர் "ராவுல" என்றுதான் விழுந்தது. மதி என்றால் போதும் என்பதும் அவருக்குத் தெரியாது. ராத்திரி சாப்பாடு முடித்து, படுக்கப் போகும்போது மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் நடுராத்திரி உடம்பெல்லாம் வேர்த்து, நாக்குக் குழற, மருமகள் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார். சீட்டில் 1-0-0, அதாவது காலையில் மட்டும் ஒன்று, என்று தெளிவாக எழுதியிருந்ததை அடுத்த நாள் மகன் படித்துப் பார்த்தார்.

பார்வை உள்ளவருக்கு இந்தத் தப்பு நடந்திருக்காது. காதில் தவறாக விழுந்ததைச் சீட்டு திருத்தியிருக்கும். பார்வையில்லாதவருக்கு அந்த இரண்டாவது சாட்சி கிடையாது. காதில் விழும் வார்த்தைதான் சீட்டு, அதுதான் லேபில், அதுதான் ரிப்போர்ட். ஆஸ்பத்திரி வாசலில் சாய்தளம் கட்டிவிட்டால் மாற்றுத்திறனாளிக்கு எல்லாம் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். என்னால் படி ஏற முடியும். எனக்கு வேண்டியது, என் உடம்பைப் பற்றிய சேதி எனக்குப் புரியும் பேச்சில் என்னிடமே வந்து சேர்வது. உங்கள் அம்மாவுக்கும் அதுதான் வேண்டும். உடுமலையிலிருந்து வந்தவருக்கு இங்கே மொழியும் புதிது என்பதால் இரண்டு மடங்கு வேண்டும்.

அதனால் முதல் பழக்கம்: மருந்து வாங்கும் இடத்தில் அம்மாவே திருப்பிச் சொல்ல வேண்டும். "காலைல சாப்பிடறதுக்கு முன்னால ஒண்ணு, சரிங்களா?" என்று அவர் வாயால் கேட்கட்டும். ராவிலெ, உச்சைக்கு, ராத்ரி என்ற மூன்று சொல்லையும் வீட்டில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். நம் பஞ்சாயத்துகளில் ஊழியர்கள் பலருக்கும் தமிழ் தெரியும், கேட்டால் தமிழிலேயே சொல்வார்கள். கேட்கத்தான் நாம் கூச்சப்படுகிறோம்.

இனி வீட்டில் இருக்கும் மருந்துக்கு வருகிறேன். பிரெய்ல் ஒட்டி வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஐரோப்பிய நாடுகளில் மருந்துப் பெட்டியிலேயே மருந்தின் பெயரைப் பிரெய்லில் அச்சிட வேண்டும் என்று 2004-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள். நமக்கு அது இல்லை. இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு உதவுமா என்பது சந்தேகம்தான். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு விரல் நுனியில் உணர்ச்சி மங்கியிருக்கும். 65 வயதுக்கு மேல் புதிதாகப் பிரெய்ல் புள்ளியைத் தடவிப் படிப்பது அவருக்குச் சித்திரவதையாகலாம். பெரிய, முரட்டு அடையாளங்களே போதும்.

நான் செய்வது இப்படி. காலை மாத்திரைப் பெட்டிக்கு ஒரு ரப்பர் பேண்ட், மத்தியானத்துக்கு இரண்டு, ராத்திரிக்கு மூன்று. ஒரே வேளையில் இரண்டு மருந்து இருந்தால், ஒன்றின் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவேன். பொட்டு மேடாக இருக்கும், தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் விழாது, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா துணிப்பைகளே தைத்து வைத்திருக்கிறார். காலைப் பையில் ஒரு சட்டைப் பட்டன், ராத்திரிப் பையில் மூன்று. அடையாளத்தை உங்கள் அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் போட்ட கணக்கு உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அவர் போட்ட கணக்கு அவர் கையில் தங்கும்.

அட்டையிலிருந்து மாத்திரையை முன்கூட்டியே பிரித்து டப்பாவில் கொட்டி வைக்க வேண்டாம். வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி வாங்கினால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நிரப்புங்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கட்டும். அப்போதும் மூல அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கின்றன. மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையில் ஆறு கேட்டால் வெட்டித் தருவார்கள். வெட்டும்போது தேதி உள்ள பக்கம் பல சமயம் கடைக்காரரிடமே நின்றுவிடும். நம்மைப் போன்றவர்கள் முழு அட்டையாகவே வாங்குவது நல்லது.

இன்னொன்று கம்பெனி மாறுவது. போன மாதம் நீளமாக இருந்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இந்த மாதம் உருண்டையாக வரும். பார்வை உள்ளவர் நிறத்தையும் பெயரையும் பார்த்துச் சமாளிப்பார். தொட்டு அறிபவருக்கு அது வேறு மருந்து. கடையிலோ அரசு மருந்தகத்திலோ, "கம்பெனி மாறியிருந்தா வாயைத் திறந்து சொல்லிடுங்க" என்று ஒரு தடவை கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். நான் மருந்து வாங்கும் கடையில் இப்போது பையன் நான் கேட்காமலே, "டீச்சர், இந்தத் தடவை பெரிசா இருக்குமுங்க, அதே மருந்துதான்" என்கிறான். அவனுக்கு அது இரண்டு விநாடி வேலை.

கைப்பேசி இதற்கெல்லாம் எவ்வளவோ உதவும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரை வாசிப்பான் உள்ளேயே இருக்கிறது. தமிழ்க் குரலையும் அதில் வைத்துக்கொள்ளலாம். அட்டையைக் காட்டினால் எழுத்தைப் படிக்கும் செயலிகள் உண்டு. பி மை ஐஸ் என்ற செயலி 2015-இல் வந்தது, வீடியோவில் ஒரு தன்னார்வலர் பார்த்துச் சொல்வார். ஆனால் மருந்தின் பெயரை செயற்கை நுண்ணறிவு படித்துச் சொல்வதை மட்டும் நம்பி வாயில் போடக்கூடாது. பளபளக்கும் அலுமினிய அட்டையில் எழுத்துக் கூசும், அரைப் பெயரைப் படித்துவிட்டு மீதியை அதுவே ஊகிக்கும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் கியூஆர் கோடு கட்டாயம். அதில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். அந்தக் கோடு உறையின் எந்த மூலையில் இருக்கிறது என்று தடவித் தெரிந்துகொள்ள எந்த அடையாளமும் வைக்கவில்லை. யாருக்கு ரொம்ப உபயோகப்பட்டிருக்குமோ அவர்களை மறந்துவிட்டு ஒரு நல்ல சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

இன்சுலின். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

அம்மா இப்போது குப்பி, சிரிஞ்சு முறையில் இருக்கிறாரா, அளவைத் திருகி வைத்துப் போடும் பேனா மாதிரி ஊசியா என்று நீங்கள் எழுதவில்லை. குப்பி என்றால், தானாகப் போட்டுக்கொள்ளும் யோசனையே வேண்டாம். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. கண் தெரிபவரே குழம்பும் நிறங்கள். 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். உயிருக்கே ஆபத்து.

பேனாவில் குமிழைத் திருகும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு "டிக்" கேட்கும், விரலிலும் தெரியும். சில பேனாவில் அரை யூனிட்டுக்கு ஒரு டிக். பின்னால் திருப்பினாலும் டிக் கேட்கும். அதனால் எண்ணுவதற்கு முன்னால் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பல பேனாக்களின் குறிப்புத்தாளில், பார்வையில்லாதவர்கள் பழகிய ஒருவரின் உதவியில்லாமல் இதைப் பயன்படுத்த வேண்டாம், டிக் சத்தத்தை மட்டும் நம்பி அளக்க வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். நடைமுறையில் என்ன செய்யலாம்? காலை டோஸை நீங்கள் வீட்டில் இருக்கும்போது அம்மாவே திருகட்டும், எண்ணட்டும், நீங்கள் எண்ணைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு போட்டுக்கொள்ளட்டும். ராத்திரியும் அப்படியே. மத்தியான ஊசி இல்லாமல் மாத்திரையாலோ வேறு வகை இன்சுலினாலோ சமாளிக்க முடியுமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். "பகலில் வீட்டில் பார்வையுள்ள ஆள் இல்லை" என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டிய மருத்துவத் தகவல். பல டாக்டர்கள் அதைக் கேட்டதும் மருந்து முறையையே மாற்றித் தருவார்கள். நாம்தான் வீட்டு நிலவரத்தை எதற்குச் சொல்வது என்று இருந்துவிடுகிறோம். இரண்டு வகைப் பேனா இருந்தால் ஒன்றுக்குக் கட்டாயம் ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள், இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம்.

அளவு பார்க்கப் பேசும் குளுக்கோமீட்டர்கள் உண்டு, பேசும் பிபி கருவியும் உண்டு. ரத்தத் துளியைச் சரியாகக் காகிதத்தின் நுனியில் படவைப்பதுதான் கஷ்டம். நுனி எந்தப் பக்கம் என்று முதலில் தொட்டுப் பழகி, விரலை அதன் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். கையில் ஒட்டிக்கொண்டு போனுக்கு அளவை அனுப்பும் சென்சாரும் இருக்கிறது, விலைதான் கட்டுப்படியாகாது.

அளவு இறங்கினால் என்ன செய்வது என்பதை அம்மா மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, பதினைந்து நிமிஷம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி குடிப்பது. அந்த டப்பா எப்போதும் ஒரே இடத்தில், கட்டில் தலைமாட்டில் இருக்க வேண்டும். யாரும், பேரக்குழந்தைகள்கூட, அதை நகர்த்தக்கூடாது.

கால். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு ரொம்பப் பயமுள்ள விஷயம் இது. சர்க்கரைக்காரர்களின் பாதத்தை தினமும் பாருங்கள் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்க முடியாதவர் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுதியவர் இல்லை. முள் குத்தினாலும் அம்மாவுக்கு வலிக்காது, ரத்தமும் தெரியாது. தினம் ராத்திரி நீங்களோ பேத்தியோ இரண்டு நிமிஷம் வெளிச்சத்தில் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பாருங்கள். அம்மாவும் தன் புறங்கையால் தடவிப் பார்க்கலாம், ஒரு பாதத்தைவிட இன்னொன்று சூடாக இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. காலுறை ஈரமாக இருந்தாலும், வாடை வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். வெந்நீரைக் காலால் பதம் பார்க்கக்கூடாது, முழங்கையால் பார்க்கட்டும். செருப்புக்குள் கை விட்டு உதறிப் பார்த்த பிறகே கால் நுழைக்க வேண்டும்.

இப்போது ஆஸ்பத்திரி.

நம் பக்கம் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "பைஸ்டாண்டர் எவிடெ?" என்பதுதான். கூட வந்த ஆள் எங்கே என்று அர்த்தம். உடுமலையில் இந்தச் சொல்லை அம்மா கேட்டிருக்க மாட்டார். பைஸ்டாண்டர் வந்து நின்றதும் நோயாளி மறைந்துவிடுவார். "இவங்களுக்கு எத்தனை நாளாச் சர்க்கரை?" "இவங்க ஒழுங்கா மருந்து சாப்பிடறாங்களா?" எல்லாம் உங்களிடம். அம்மா உட்கார்ந்திருக்கும் நாற்காலி காலி என்பது போல.

இதை உடைக்க உங்களால் முடியும், சண்டை போடாமலே முடியும். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டதும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அம்மாவின் தோளைத் தொட்டு, "அம்மா, டாக்டர் கேக்கறாரு பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தால் மூன்றாவது கேள்வி அவரிடமே போகும். நான் பார்த்தவரை டாக்டர்களுக்கு இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கண்ணோடு கண் பார்த்துப் பேசியே பழகியவர்கள், பார்வை திரும்பாத முகத்தோடு பேச யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அங்கே" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே உக்காருங்க, அங்கே படுங்க, அங்கே போய்ச் சீட்டுப் போடுங்க. எங்களுக்கு அங்கே என்று ஓர் இடம் கிடையாது. வலது கைப்பக்கம் நாலு எட்டு, பின்னால் நாற்காலி, முதுகு சுவர்ப்பக்கம் என்று சொன்னால் போதும். ஒரு தடவை என்னைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டப்பாவைக் கையில் கொடுத்து, "அங்கே பாத்ரூம், முடிச்சுட்டு அங்கே ஸ்டாண்டுல வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் போய்விட்டது. கழிப்பறையைக் கண்டுபிடித்து, தாழ்ப்பாளைத் தேடி, நனைந்த தரையில் பை வைக்க இடமில்லாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லாம் முடித்து வெளியே வந்து, மூடி சரியாகப் பூட்டாத டப்பாவை ஏந்திக்கொண்டு வராந்தாவில் நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், மூச்சும் செருப்புச் சத்தமும் கேட்டது. எம்.ஏ., பி.எட். படித்தவள், ஐம்பது பிள்ளைகளை ஒரு குரலில் அடக்குகிறவள், அன்று வாய் திறந்து உதவி கேட்க எனக்கு வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்: "எனக்குக் கண்ணு தெரியாதுங்க, யாராச்சும் ஒரு கை குடுங்க" என்று சத்தமாகக் கேட்பது. எனக்கு அது வர வருஷங்கள் ஆயின.

கை கொடுக்கும் முறையும் இருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கவோ, பின்னால் இருந்து தள்ளவோ கூடாது. அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் வரட்டும். உங்கள் உடம்பு ஏறினால் படி, இறங்கினால் படி, அவருக்குத் தானாகத் தெரியும். குறுகலான வழி வந்தால் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள், அவரும் பின்னால் வந்துவிடுவார். சிஸ்டர்களிடமும் இதைச் சொல்லலாம். ஊசி போடும் முன்னால், "ஊசி போடறேன், இடது கை" என்று சொல்லிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். வார்த்தையில்லாமல் உடம்பில் ஏறும் ஊசிக்கு நாங்கள் துள்ளிவிடுவோம்.

டோக்கன் எண்ணைச் சிவப்பு எழுத்தில் மட்டும் காட்டும் இடங்களில் நம் முறை வந்தது தெரியாமலே போய்விடும். சீட்டுப் போடும்போதே சொல்லிப் பெயரைக் கூப்பிடச் செய்யுங்கள். மாற்றுத்திறனாளிக்கு மருத்துவமனையில் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பது சலுகையாகக் கேட்கும் விஷயம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் அது இருக்கிறது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டின் எல்லாப் பகுதிகளும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. தகவல்கள் அணுகக்கூடிய வடிவில் கிடைக்க வேண்டும் என்பது 42-ஆவது பிரிவு. பைஸ்டாண்டர் இல்லை என்பதற்காகத் தனியாக வந்தவரைத் திருப்பி அனுப்பினால் பாகுபாடு பற்றிய 3-ஆவது பிரிவைச் சொல்லிக் கேட்கலாம்.

ஒப்புதல் கையெழுத்து. எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது படிவத்தைத் தம்பியிடம் நீட்டினார்கள். நான் கேட்டு வாங்கியதும், "டீச்சர், ரேகை வெச்சாப் போதும்" என்று மைப்பெட்டி வந்தது. தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள் நான். படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மூன்று பக்கத்தை ஒரு பயிற்சி டாக்டர் உட்கார்ந்து படித்தார், பத்து நிமிஷம் ஆனது. அதில் எனக்குச் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது: தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனாக மாற்றுவோம் என்பது. அது நியாயமானதுதான், சம்மதித்தேன். ஆனால் தெரிந்து சம்மதித்தேன். வேண்டிய தகவலைச் சொல்லி நோயாளியிடமே பெறும் சம்மதம்தான் சம்மதம், ஒரு சிகிச்சைக்குக் கொடுத்தது வேறு சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரை அவர் உடம்புக்கு அவர்தான் கையெழுத்து. ஸ்கேலை விளிம்பாக வைத்து எழுதப் பழகினால் கையெழுத்து கோணாமல் வரும்.

ரிசல்ட்டை வராந்தாவில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டுவதையும் தடுங்கள். பார்வையில்லாதவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், சரிதான். கதவை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். எங்களுக்கும் மறைக்க வேண்டியவை இருக்கும்.

ஆவண விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். திருத்தக் கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை அளவு 3/60-க்குக் கீழே இருந்தாலோ, பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தாலோ சட்டப்படி பார்வையின்மை. உடுமலையில் வாங்கிய சான்றிதழ் இருந்தால் அது இங்கேயும் செல்லும், நாடு முழுக்கச் செல்லும் என்று அதே உரிமைச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் மாநிலத் திட்டங்கள் அப்படி இல்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அந்த ஊர் ரேஷன் அட்டையோடு கட்டுப்பட்டது. அம்மாவின் பெயரை அங்கே நீக்கி இங்கே சேர்ப்பதற்கு முன்னால், இங்கே எந்தத் திட்டத்தில் அவரைச் சேர்க்க முடியும் என்று பஞ்சாயத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவசரப்பட்டு நீக்கி, நடுவில் இரண்டு மாநிலத்திலும் இல்லாமல் நின்றவர்களை வேலந்தாவளம் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். நிராமயா காப்பீட்டில் சேருங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கானது. பார்வையின்மை மட்டும் இருந்தால் கிடைக்காது, அலைய வேண்டாம்.

வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சியிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லி வையுங்கள். குடும்ப ஆரோக்கிய கேந்திரம் என்ற அரசு சுகாதார நிலையத்தின் பாலியேட்டிவ் (வலி, வேதனை தணிக்கும் பராமரிப்பு) நர்ஸ் வீடுகளுக்கு வருவார். படுத்த படுக்கையானவர்களுக்கு மட்டும் என்று நீங்களே முடிவு செய்யாமல் கேட்டுப் பாருங்கள். பகலில் சந்தேகம் வந்தால் அம்மா 1056-க்குப் போன் போடலாம், கேரள அரசின் திஷா உதவி எண் அது. எழுத்தே தேவைப்படாத சேவை என்பதால் எனக்குப் பிடித்தது. நம்பரை மனப்பாடம் செய்யவைத்துவிடுங்கள், அவசரத்துக்கு 108-ஐயும்.

கடைசியாக, கண். பார்வையே போய்விட்டதே, இனி கண் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்ட கண்ணில் புது ரத்தக்குழாய்கள் முளைத்து, கண்ணழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலி வரலாம். பார்வை இல்லாத கண்ணும் வலிக்கும். சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்தக்கூடாது. அந்தக் குப்பியையும் காதுக்குப் போடும் சொட்டு மருந்தையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது, தடவினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையின்மைக்கு 66.2 சதவீதம் காரணம் கண்புரை. அம்மாவுக்கு விழித்திரைக் கோளாறோடு புரையும் சேர்ந்திருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? புரையை எடுத்தால் பழைய பார்வை வராது. ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று வெளிச்சம் தெரிந்தாலே ஒரு மனுஷிக்கு வீட்டுக்குள் எவ்வளவு தைரியம் வரும் என்பது அந்த வெளிச்சத்தையும் இழந்த எனக்குத் தெரியும். கோயமுத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் குறைபார்வைப் பிரிவும் மறுவாழ்வுப் பயிற்சியும் உண்டு. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரியின் கிளை அது. வெண்கோல் பிடித்து நடக்க, அடுப்பில் பால் காய்ச்ச, எல்லாவற்றுக்கும் பயிற்சி இருக்கிறது என்பதே நம் பக்கம் பலருக்குத் தெரியாது. ரயிலில் போவதானால் பார்வையற்றவருக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் படுக்கை வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, பகலெல்லாம் படுத்தே இருக்கிறார் என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இரண்டு தடவை கேட்டேன். புருஷனும் போய், கண்ணும் போய், ஊரும் போய், பகலில் பேச ஆளில்லாத வீட்டில் இருக்கிறார். சோம்பேறித்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மன அழுத்தத்துக்கும் மருந்து உண்டு, அடுத்த தடவை டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள், அம்மாவையே சொல்லவையுங்கள்.

எங்காவது உங்களை மோசமாக நடத்தினால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். நம்மைப் போன்ற தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிக்காரர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் பெறலாம் என்று 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இருக்கிறது. கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, முழுசாகப் படித்துக் காட்டிய பிறகு அவர் கையெழுத்துப் போடட்டும். எழுத ஆள் வேண்டுமென்றாலும், பேனா திருகும்போது டிக் எண்ணிப் பழக அம்மாவுக்குத் துணை வேண்டுமென்றாலும் சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன்.